துண்டு வெட்டிய பிறகு எங்கே?

எங்கள் அம்மாவின் தம்பிக்கு ஸ்கிசோபிரினியா, இல்லாத குரல்கள் கேட்கும், யோசனைகள் குழம்பும் உளநோய். 22 வயதில் தொடங்கியது, இப்போது 45. போன வருடம் ஆறாவது தடவையாக வார்டில் சேர்க்க வேண்டி வந்தது. ஐந்து கிழமையில் நித்திரை திரும்பியது, குரல்கள் அடங்கின, தாதியரோடு சிரித்துப் பேசத் தொடங்கினார். அப்போது உளமருத்துவர் எங்களைக் கூப்பிட்டு, "இனித் துண்டு வெட்டி வெளியே விடலாம். எங்கே கூட்டிக்கொண்டு போகப் போகிறீர்கள்?" என்று கேட்டார்.

அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு இருப்பது இரண்டு அறை வீடு. அம்மாவுக்கு 71 வயது. அம்மம்மா இருந்தவரை மாமாவை அவர்தான் பார்த்தார். அவர் போன பிறகு மாமா எங்களோடு இருந்த இரண்டு வருடத்தில்தான் மூன்று தடவை வார்டுக்குப் போனார்.

எங்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. எங்கேயாவது நீண்டகாலப் பிரிவில் அவரை விடுவது, வீட்டுக்கே கூட்டி வருவது, அல்லது ஏழெட்டுப் பேர் ஒன்றாக வாழும் சிறிய இல்லம் ஒன்றில் சேர்ப்பது. இந்த மூன்றையும் பற்றி நாலு மாதம் அலைந்து தெரிந்துகொண்டதை, இதே கேள்வியோடு நிற்கும் இன்னொரு குடும்பத்துக்காக எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். அத்தனை பேரும் கூடிப் பேசினோம், கனடாவில் இருக்கும் சின்னம்மா வாட்ஸ்அப்பில் வந்தார், வத்தளை மாமா நேரில் வந்தார். யாருமே மாமாவிடம் கேட்கவில்லை. வார்டில் இருந்த சமூக சேவை உத்தியோகத்தர்தான், "அவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். நான் போய்க் கேட்டேன். மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "விடிய எழும்பி நானே தேத்தண்ணி போடக்கூடிய இடமாப் பார், தம்பி."

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. எங்கே, யாரோடு வாழ்வது என்று தெரிவு செய்யும் உரிமை அதன் 19ஆம் பிரிவில் இருக்கிறது. உளநோயால் நீண்டகாலம் பாதிக்கப்பட்டவர்களும் அதற்குள் அடங்குவார்கள். எனக்கு அதெல்லாம் பிறகுதான் தெரிய வந்தது. ஆனால் மாமாவின் அந்த ஒரு வசனம் நல்ல அளவுகோலாக இருந்தது. போன இடமெல்லாம் அதை வைத்துத்தான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியைப் பற்றி முதலில். கொழும்பில் வளர்ந்தவர்களுக்கு அங்கொடை என்பது ஊர்ப்பெயர் மட்டும் அல்ல, பள்ளிக்கூடத்தில் ஒருவரை ஒருவர் திட்டும் சொல். பொரளையிலும் பிறகு கறுவாத்தோட்டத்திலும் இருந்த பழைய புகலிடங்கள் நிரம்பி வழிந்ததால், 1920களில் நகரத்துக்கு வெளியே அங்கொடையில் பெரிய மருத்துவமனையைக் கட்டினார்கள். பல தலைமுறையாக நாட்டின் எந்த மூலையில் ஒருவருக்கு மனம் குழம்பினாலும் அங்கேதான் கொண்டுவந்தார்கள். போனவர் திரும்பி வருவது அரிது என்ற பயம் அந்தக் காலத்தில் பிறந்தது. இன்று அது தேசிய உளநல நிறுவகம். சுனாமிக்குப் பிறகு 2005இல் வந்த உளநலக் கொள்கை, சிகிச்சையை மாவட்டங்களுக்குப் பரப்ப வேண்டும் என்றது. கொழும்பைச் சுற்றியே தேசிய வைத்தியசாலை, களுபோவில, ராகமை ஆகியவற்றில் உளமருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. ஆகவே வார்ட் என்றாலே வாழ்நாள் சிறை என்று நினைத்து, நெருக்கடி நேரத்தில் ஆளை வீட்டில் பூட்டி வைத்திருப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. அதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஒருவர் நாலைந்து நாளாகச் சாப்பிடவில்லை, தன்னை மாய்த்துக்கொள்வதாகப் பேசுகிறார், குரல்கள் சொல்கின்றன என்று இரவில் வீதிக்கு இறங்குகிறார் என்றால், வீடும் இல்லமும் பயன்படாது. இரவிலும் தாதி விழித்திருக்கும், இரத்தம் சோதிக்கக்கூடிய, மருந்தின் அளவை நாளுக்கு நாள் மாற்றக்கூடிய இடம் வேண்டும். குளோசப்பீன் என்ற மருந்தை எடுங்கள். வேறு எதற்கும் அடங்காத நோயை அது அடக்கும், ஆனால் சிலருக்கு வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும். அதனால் முதல் 18 வாரம் வாராவாரம் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அதை ஆஸ்பத்திரியோடு சம்பந்தமில்லாத ஒரு வீட்டில் தொடங்க முடியாது. அரச மருத்துவமனையில் இதெல்லாம் காசு வாங்காமல் நடக்கிறது. அவசரத்தில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், அது தேசிய உளநல உதவி இணைப்பு.

சிக்கல் நெருக்கடி தீர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. இங்கிலாந்தில் ஜோன் விங், ஜோர்ஜ் பிரவுண் என்ற இருவர் மூன்று மனநோய் மருத்துவமனைகளில் பல வருடமாக இருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 1970இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பேச்சுக் குறைவது, முகம் உறைந்து போவது, எதிலும் நாட்டம் அற்றுப் போவது ஆகியவை நோயால் மட்டும் வருபவை அல்ல என்று அவர்கள் கண்டார்கள். ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும் நேரம் குறையக் குறைய நோயாளிகள் தேறினார்கள். அதைப் படித்தபோது மாமாவின் நாலாவது தடவை நினைவுக்கு வந்தது. ஓர் இடத்தில் ஏழு மாதம் இருந்தார். மருந்து ஒழுங்காகக் கொடுத்தார்கள், யாரும் அடிக்கவில்லை, சாப்பாடும் நேரத்துக்கு வந்தது. ஆனால் வெளியே வந்தபோது பஸ்ஸில் மிச்சக் காசு கேட்டு வாங்கக்கூட அவருக்குத் தெரியவில்லை. உடுப்பை யாராவது எடுத்துக் கொடுக்கும்வரை கட்டிலில் உட்கார்ந்திருப்பார். தேத்தண்ணி வாளியில் வரும் நேரத்துக்கு, வீட்டிலும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மொழியையும் சொல்ல வேண்டும். கொழும்பில் பெரும்பாலான தாதியரும் உதவியாளர்களும் சிங்களம் பேசுபவர்கள். அன்பாகத்தான் நடந்துகொள்கிறார்கள். ஆனால் ஒருவர் தன் பயத்தைச் சொல்ல, தன் மொழி வேண்டும். காய்ச்சல், வயிற்றுவலி என்றால் கையைக் காட்டிச் சமாளிக்கலாம். "என்னுடைய யோசனையை வேறு யாரோ யோசிக்கிறார்கள்" என்பதை இரண்டாம் மொழியில் எப்படிச் சொல்வது?

சரி, வீடு. எங்கள் ஆட்களுக்கு இது கேள்வியே இல்லை. சொந்தத்தை வெளியே விடுவதா என்று கேட்பார்கள். அம்மாவும் அப்படித்தான் கேட்டார். வீட்டில் அவருக்குப் பிடித்த மீன்குழம்பு, பழகிய கோயில், பெயர் சொல்லிக் கூப்பிடும் அயலவர் எல்லாம் இருக்கும். இரண்டு வளர்ந்தவர்கள் மாறி மாறிப் பார்க்கக்கூடிய, நோயைப் பற்றிப் படித்தறிந்த, பகலில் அவர் போய் வர ஓர் இடம் உள்ள வீடு என்றால் நானும் வீட்டையே சொல்வேன். பகல் நேர நிலையம் என்பது சின்ன விஷயம் அல்ல. தேசிய உளநலப் பேரவை 1982இல் தொடங்கப்பட்டது. பொரளையில் உள்ள அதன் சஹனய நிலையம் அந்த வகையில் கொழும்பில் பழைய பெயர்.

ஆனால் அன்பு மட்டும் மருந்து ஆகாது என்பதற்கு அதே ஜோர்ஜ் பிரவுண் 1950களில் கண்டறிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மருத்துவமனையிலிருந்து வெளியேறிய ஆண்களை அவர் குழு தொடர்ந்து பார்த்தது. பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்களைவிட, வாடகை அறைக்கும் உடன்பிறந்தோரிடமும் போனவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. ஏன் என்று மேலும் தோண்டியபோது இரண்டு விஷயம் வெளிப்பட்டது. ஓயாத குறைசொல்லும் பேச்சு ஒன்று. எல்லாவற்றையும் தானே செய்து கொடுக்கும், ஒரு நிமிடம் கண்ணைவிட்டு அகலவிடாத பொத்திப் பொத்திப் பார்ப்பு மற்றது. அப்படிப்பட்ட உறவினரோடு வாரத்தில் 35 மணித்தியாலத்துக்கு மேல் முகம் பார்த்து இருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று 1976இல் வந்த ஆய்வு சொன்னது. இது குடும்பத்தைக் குற்றம் சொல்வதற்காகக் கண்டுபிடித்தது அல்ல. நெருக்கம் குறைந்தால் நோயும் களைப்பும் சேர்ந்து குறையும் என்பதுதான் அதில் நான் கண்டது.

எங்கள் வீட்டில் இரண்டுமே இருந்தன. அம்மா அவரை அடுப்படிக்குள் விடமாட்டார், எரித்துவிடுவார் என்ற பயம். நான் வேலை முடிந்து வந்து, "ஏன் இன்னும் குளிக்கவில்லை" என்று தொடங்குவேன். அவருடைய மருந்தோ உடம்பைக் கல்லாக்கும் மருந்து, காலையில் எழும்புவதே ஒரு மலை. அது தெரிந்தும் கேட்பேன். ஒரு குளிசையை நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்தாரா என்று அம்மா தினமும் வாயைத் திறந்து பார்த்தார். 45 வயது மனிதரின் வாயை. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, கிளினிக்கில் இல்லாததை அரச மருந்துக்கடையான ஒசுசல, தனியார் பாமசி என்று தேடி அலைந்ததும் அம்மாதான். அந்த வருடம் அம்மாவுக்கே பிரஷர் மருந்து தொடங்கினார்கள். வீட்டில் வைத்துப் பார்ப்பதற்குச் செலவில்லை என்பவர்கள், பார்ப்பவரின் உடம்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

மூன்றாவது வழிதான் எங்களுக்குப் புதிது. சாதாரணத் தெருவில் சாதாரண வீடு. ஆறு, ஏழு பேர் தங்குகிறார்கள். பயிற்சி பெற்ற இரண்டு மூன்று பேர் முறைவைத்து இருக்கிறார்கள். சமையல், கடைக்குப் போவது, துணி தோய்ப்பது எல்லாம் தங்கியிருப்பவர்களும் சேர்ந்து செய்வது. மருத்துவர் அங்கே இருப்பதில்லை, இவர்கள் கிளினிக்குக்குப் போகிறார்கள், அல்லது சமூக உளநலத் தாதி வந்து பார்க்கிறார். சொல்லும்போது எளிதாக இருக்கும் இந்த ஏற்பாட்டுக்கு உலகத்தில் நல்ல சான்று இருக்கிறது. இத்தாலியில் திரியெஸ்தே நகரத்தில் பிராங்கோ பசாலியா என்ற மருத்துவர் 1971இல் பொறுப்பேற்று, பெரிய மனநோய் மருத்துவமனையைப் படிப்படியாகக் காலி செய்தார். நோயாளிகளை வீதியில் விட்டுவிடவில்லை. சின்னச் சின்ன வீடுகளையும், இரவும் பகலும் திறந்திருக்கும் சமூக நிலையங்களையும் கூடவே ஏற்படுத்தினார். 1978இல் நாடு முழுவதற்கும் அது சட்டமானது.

எனக்கு அதைவிட நம்பிக்கை தந்தது லண்டன் கதை. பிரயர்ண், கிளேபரி என்ற இரண்டு பெரிய மருத்துவமனைகளை மூடும்போது, அங்கிருந்து வெளியே போன 670 பேரை ஜூலியன் லெஃப் என்ற உளமருத்துவரின் குழு ஐந்து வருடம் பின்தொடர்ந்தது. நோயின் குறிகள் பெரிதாகக் குறையவில்லை. அதை அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். ஆனால் பெரும்பாலானோர் சிறிய இல்லங்களிலேயே நிலைத்தார்கள், நட்புகள் கூடின, ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போக விரும்பியவர்கள் மிகக் குறைவு. அதாவது இல்லம் நோயைக் குணமாக்காது. நோயோடு சேர்த்து வாழ்வதற்கு ஒரு வாழ்க்கையைத் தரும். இதைப் புரிந்துகொண்டு சேர்த்தால் ஏமாற்றம் இல்லை. "அங்கே விட்டால் சுகமாகிவிடும்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை நம்பவேண்டாம்.

நம் பக்கத்திலும் முன்மாதிரி இருக்கிறது. சென்னையில் 1993இல் தொடங்கிய பான்யன் என்ற தொண்டு அமைப்பு, வருடக்கணக்கில் காப்பகத்தில் இருந்தவர்களை நாலைந்து பேராக வாடகை வீடுகளில் குடிவைக்கிறது. அக்கம்பக்கத்தாரோடு அவர்கள் வழக்கமான குடித்தனக்காரராக இருக்கிறார்கள். கொழும்பை அடுத்த ஹெந்தலையில் நெஸ்ட் அமைப்பு 1980களிலிருந்து, முல்லேரியா மனநோய் மருத்துவமனையில் கைவிடப்பட்டுக் கிடந்த பெண்களோடு வேலை செய்து வந்தது. ஆகவே இது வெள்ளைக்காரர் நாட்டுக்கு மட்டும் சரிவரும் ஏற்பாடு என்று சொல்ல முடியாது.

ஆனால் மூடுவது மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்கா சாட்சி. 1963இல் கென்னடி கையெழுத்திட்ட சட்டம் சமூக நிலையங்களைக் கட்டச் சொன்னது. மருத்துவமனைக் கட்டில்கள் குறைந்தன, திட்டமிட்ட நிலையங்களில் பாதியளவே எழுந்தன. நோயாளிகளில் ஒரு பகுதியினர் வீதிக்கும் சிறைக்கும் போனார்கள்.

சின்ன இடம் என்றால் நல்ல இடம் என்பதும் பொய். 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி தமிழ்நாட்டில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் எரிந்து போனார்கள். அது பெரிய அரச மருத்துவமனை அல்ல. ஓலைக் கொட்டகை, குடும்பங்கள் நம்பிக் கொண்டுபோய் விட்ட இடம். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நாங்கள் பார்க்கப் போன முதல் இல்லத்தை என்னால் மறக்க முடியவில்லை. பெயர் வேண்டாம். பன்னிரண்டு பேர் சுவரோரம் பிளாஸ்டிக் கதிரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தொலைக்காட்சி ஓடியது, யாரும் பார்க்கவில்லை. முன்கதவு உள்ளே பூட்டியிருந்தது, சாவி பொறுப்பாளரின் இடுப்பில். "போன் எல்லாம் நாங்கள் வாங்கி வைப்போம், மாதம் ஒரு தடவை வந்து பாருங்கள்" என்றார். சுவர் வெள்ளையாக இருந்தது, தரை சுத்தமாக இருந்தது. ஆஸ்பத்திரியின் மோசமான பக்கம் மட்டும் அங்கே இருந்தது, தாதியும் மருத்துவரும் இல்லை.

அதற்குப் பிறகு எந்த இடத்துக்குப் போனாலும் முதல் கேள்வி சாவியைப் பற்றித்தான். கதவு பகலில் திறந்திருக்குமா, அவருக்கு என்று பூட்டக்கூடிய ஓர் அலுமாரியாவது உண்டா? அடுத்தது காலை பத்து மணிக்கு அங்கே என்ன நடக்கிறது என்பது. அதைக் கேட்டால் போதாது, சொல்லாமல் ஒருநாள் பத்து மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இரவில் விழித்திருப்பவர் யார், தமிழ் பேசுபவர் இருக்கிறாரா, அவர் பழகிய கிளினிக்கையே தொடரலாமா, மருந்தை யார் வாங்குவது, அவர் கையில் செலவுக்குக் காசு கொடுப்பார்களா என்று கேட்டோம். கடைசியாக மிக முக்கியமான ஒன்று: நோய் முற்றினால் வார்டுக்குக் கொண்டுபோன பிறகு, அவருடைய கட்டிலை வைத்திருப்பீர்களா? இந்தக் கேள்விக்கு மழுப்பிய இரண்டு இடங்களை விட்டுவிட்டோம். சுகமாக இருக்கும்போது மட்டும் வைத்திருக்கும் இடம் சத்திரம்தான், வீடு ஆகாது.

மருந்தை நிறுத்திப் பார்க்கலாமா என்றும் சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். கலிபோர்னியாவில் 1971இல் லோரன் மோஷர் என்ற உளமருத்துவர் தொடங்கிய சொத்தேரியா இல்லத்தைப் பற்றி எங்கேயோ படித்திருக்கிறார். அது முதல் தடவையாக நோய் வந்த இளைஞர்களுக்கானது, மருந்தை இயன்றவரை குறைத்து, எப்போதும் ஒருவர் கூடவே இருந்து பார்த்த இடம். 23 வருட நோயும் ஆறு தடவை வார்டும் கண்ட மாமாவுக்கு அதைப் பொருத்திப் பார்க்க முடியாது. இல்லத்தில் சேர்ப்பதும் மருந்தை விடுவதும் வேறு வேறு முடிவுகள். இரண்டாவதை உளமருத்துவர் இல்லாமல் தொடவே கூடாது.

காசு. அரச வார்ட் இலவசம், இல்லம் இலவசம் அல்ல. அம்மாவின் ஓய்வூதியத்தில் ஒரு பங்கு, நான், வத்தளை மாமா, கனடாச் சின்னம்மா என்று நாலு பேர் பிரித்துக்கொண்டோம். நாலு பேர் இல்லாத குடும்பத்துக்கு இந்த வழி இன்று கொழும்பில் எளிதல்ல. அரச உதவியோடு நடக்கும் இல்லங்கள் இன்னும் நிறைய வேண்டும், தமிழ் பேசும் ஆட்களோடு வேண்டும். அதுவரை அப்படிப்பட்ட குடும்பத்துக்கு நான் சொல்லக்கூடியது, வீடும் பகல் நிலையமும் சேர்ந்த ஏற்பாடு. ஊசி மருந்துக்கு மாற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு, மூன்று அல்லது நாலு கிழமைக்கு ஒருமுறை போடுவது. தினமும் குளிசைக்காக நடக்கும் சண்டை அதனால் நிற்கும். இதையாவது முன்பே கேட்டிருக்கலாம் என்று எனக்கு இன்றும் கவலை.

நாங்கள் மூன்றாவது வழியைத் தெரிவு செய்தோம், தெஹிவளைப் பக்கம். சேர்ப்பதற்கு முன் மாமா மூன்று தடவை போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார், ஓர் இரவு தங்கினார், பிறகுதான் சரி என்றார். அம்மா அன்று முழுக்க அழுதார், ஒரு மாதம் வரை என்னோடு சரியாகப் பேசவில்லை. இப்போது ஞாயிறுகளில் மாமா பஸ் ஏறி, கொட்டாஞ்சேனைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார். அக்காவும் தம்பியும் பழைய சண்டை இல்லாமல் கதைக்கிறார்கள். குரல்கள் போய்விடவில்லை. இன்னும் சில நாளில் பேசிக்கொண்டே நடப்பார்.

இல்லத்தில் சேர்ந்த அன்று, நோய் திரும்புவதற்கு முன் அவருக்கு வரும் அடையாளங்களை அவரையே சொல்லச் சொல்லி ஒரு தாளில் எழுதி அலுமாரிக்குள் ஒட்டினோம். நித்திரை குறைவது, ரேடியோவை நிறுத்தி வைப்பது, ஒரே சட்டையை மூன்று நாள் போடுவது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடிய ஐந்தரைக்கு மாமாவிடமிருந்து போன் வந்தது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. "தம்பி, ரெண்டு நாளா நித்திரை இல்லை. தேத்தண்ணி போட வந்தனான், தாளைப் பார்த்தன். கிளினிக்குக்கு முன்னுக்கே போவமா?" என்றார். போனோம். மருந்தைக் கொஞ்சம் கூட்டினார்கள். 23 வருடத்தில் அவரே கேட்டு டொக்டரிடம் போனது அதுதான் முதல் தடவை. அன்று இரவு தன் கட்டிலில்தான் படுத்தார்.